பேய்க்கு விரல் கணக்கு தெரியுமா?

எப்போதும்வென்றானிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல்காட்டு ஊர்களிலும் இராத்திரி தூக்கத்தில் கையோ காலோ மரத்துப்போகின்ற ஒரு சாதாரணச் சங்கதிக்கு நம் ஜனங்கள் சொல்லும் காரணங்களையெல்லாம் தொகுத்தால் ஒரு தனிப் புராணமே எழுதிவிடலாம். பேய் அமுக்கிவிட்டது என்பார் ஒருவர். பங்காளி செய்வினை வைத்துவிட்டான் என்பார் இன்னொருவர். குலதெய்வத்துக்கு நேர்ந்த கிடா பாக்கியிருக்கிறது, அதுதான் சாமி கையைப் பிடித்துக் கேட்கிறது என்பார் மூன்றாமவர். எல்லாம் முன்ஜென்ம வினை என்று கண்ணை மூடிக்கொள்வார் நாலாமவர். கை மடங்கிக் கிடந்தது, நரம்பு அமுங்கியது என்று சொல்லுகின்றவரைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கின்றது. ஊரின் பெயரோ எப்போதும்வென்றான். பகலெல்லாம் வெயிலையும் வறட்சியையும் வென்று பிழைக்கின்ற மனிதன், இராத்திரி ஐந்து நிமிஷம் கை மதமதத்தால் மாத்திரம் கோடாங்கியிடம் தோற்றுப்போய் நிற்பானேன் என்று கேட்கின்றேன்.

இதை வெறும் கேலிக்காகச் சொல்லவில்லை. இதில் ஒரு பெரிய மோசம் இருக்கின்றது. அந்த மோசம் எங்கே இருக்கின்றது என்பதை முதலில் கவனிக்கவேண்டும்.

தூக்கத்தில் மரத்துப்போகும் கைகால்களில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகிவிடுகின்றவை. கையைத் தலைக்கு அணையாக வைத்துப் படுத்தாலும், கட்டில் சட்டத்தில் தொடை அழுந்தினாலும், அந்த வழியாகப் போகின்ற நரம்பு அமுங்குகின்றது. நரம்பு என்பது சேதி கொண்டுபோகும் தந்திக் கம்பி மாதிரி. அதற்கும் இரத்தம் வேண்டும். அமுங்கின இடத்தில் நரம்புக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்க, சேதி நின்றுபோகின்றது. கை நம்முடையதாகவே இருப்பதில்லை. வேறு யாரோ ஒருவர் கையைத் தூக்கி மேலே போட்டதுபோல் கிடக்கின்றது. புரண்டு படுத்தவுடன் அமுக்கம் நீங்கி, நரம்பு மறுபடியும் வேலை செய்யத் தொடங்குகின்றது. அப்படித் தொடங்கும்போது தாறுமாறாகச் சேதி அனுப்புவதால் எறும்பு ஊர்வதுபோலவும் ஊசி குத்துவதுபோலவும் சுருக்சுருக்கென்று இருக்கின்றது. சில நிமிஷத்தில் எல்லாம் சரியாய்விடுகின்றது. ஓதிய தண்ணீரைத் தெளித்தாலும் சரியாகும். தெளிக்காவிட்டாலும் சரியாகும்.

மந்திரிக்கின்றவருடைய கெட்டிக்காரத்தனம் முழுவதும் இந்த இடத்தில்தான் அடங்கியிருக்கின்றது. தானாகப் போகின்றதற்கெல்லாம் அவர் கூலி வாங்கிக்கொள்ளுகின்றார். தானாகப் போகாததற்கோ, "உன் வினை பலமானது, நானென்ன செய்ய?" என்று கையை விரித்துவிடுகின்றார். ஜெயித்தால் அவருக்கு வெற்றிலைபாக்குத் தட்டு. தோற்றால் நமக்கு விதி. இந்தமாதிரி ஒரு வியாபாரத்தை நம் பருத்திக் கமிஷன் கடைக்காரரிடமாவது ஒப்புக்கொள்ளுவோமா? ஆகையால் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம், தானாகப் போகின்ற மரப்பு எது, போகாத மரப்பு எது என்பதுதான். இது தெரிந்தவன் உடுக்கைச் சத்தத்துக்குப் பயப்படமாட்டான்.

நிற்க. தீப்பெட்டி ஆபீஸில் பல வருஷம் குச்சி அடுக்கின ஒரு அம்மாள் நம்மிடம் கேட்டார்: "அண்ணாச்சி, ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கை செத்துப்போய் முழிச்சுக்கிடுதேன். உதறினாத்தான் உசுரு வருது. தாயத்து கட்டியும் நிக்கலையே?" எந்தெந்த விரல் என்று கேட்டோம். அந்த அம்மாள் யோசித்துப் பார்த்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிரவிரலில் ஒரு பக்கம் என்றார். சுண்டுவிரல்? "அது நல்லாத்தான் இருக்கு."

தோழர்களே! மூன்றரை விரலைப் பிடித்து ஒன்றரை விரலை விட்டுவிடுகின்ற பேய் எந்த ஊர்ப் பேய்? அது எந்த வைத்தியக் கலாசாலையில் படித்தது? மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சிறு பொந்து மாதிரியான வழி இருக்கின்றது. அதன் தரை எலும்பு. கூரை கெட்டியான ஒரு நார்ப்பட்டை. அந்த ஒடுக்கமான வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களோடு ஒரு நரம்பும் போகின்றது. அந்த நரம்பு உணர்ச்சி கொடுப்பது சரியாக அந்த மூன்றரை விரலுக்குத்தான். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் மற்றப் பாதிக்கும் வேறு நரம்பு. அது முழங்கையின் பின்புறமாக வருவது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் 'விர்' என்று சுண்டுவிரல்வரை ஓடுகின்றதே, அந்த நரம்பு. ஓயாமல் ஒரே வேலையை மணிக்கட்டால் செய்கின்றவர்களுக்கும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும், நீரிழிவுக்காரர்களுக்கும் அந்தப் பொந்தில் வீக்கம் கண்டு நரம்பு அமுங்குகின்றது. தூக்கத்தில் நாமறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்ளுவதால் அமுக்கம் இன்னும் அதிகமாகி, நடுச்சாமத்தில் எழுப்பிவிடுகின்றது. பேய்க்குப் பன்னிரண்டு மணி, ஒரு மணி என்று நேரம் வந்ததெல்லாம் இப்படித்தான்.

இதற்குச் செய்யவேண்டியது, இராத்திரியில் மணிக்கட்டு மடங்காதபடி நேராக நிறுத்தும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு படுப்பது. கையில் கட்டுகின்றதுதான், ஆனால் தாயத்து அல்ல. சில வாரத்தில் குணம் தெரியாவிட்டால் டாக்டரிடம் காட்டி ஊசியோ, நார்ப்பட்டையைக் கீறிவிடும் சிறிய ஆபரேஷனோ செய்துகொள்ளலாம். கட்டைவிரலின் அடியிலுள்ள சதை மேடு வற்றிப்போவதும், ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் கைச்சாமான் நழுவுவதும் ஆரம்பித்துவிட்டால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. வற்றின சதை முழுவதும் திரும்பும் என்று சொல்லுவதற்கில்லை. சுண்டுவிரல் பக்கம் மரக்கின்றவர்கள் முழங்கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துப் படுப்பதை விடவேண்டும். முழங்கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் அது மடங்காமல் இருக்கும்.

குடிக்கின்ற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. டாஸ்மாக்கில் குடித்துவிட்டு நாற்காலி முதுகில் கையைத் தொங்கப்போட்டபடி விழுந்து தூங்கினால், தூக்கத்தில் புரளக்கூட மூளைக்குச் சுரணை இருப்பதில்லை. விடிந்து பார்த்தால் மணிக்கட்டு தொங்கிப்போயிருக்கும், தூக்க முடியாது. இதற்கு மேல்நாட்டு வைத்தியர்கள் 'சனிக்கிழமை இராத்திரி வாதம்' என்றே பேர் வைத்திருக்கின்றார்கள். நம் ஜோசியர்கள் கேள்விப்பட்டால், "பார்த்தாயா, அவர்களே சனி பகவான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்!" என்று கிளம்பிவிடுவார்கள். அங்கே சனிக்கிழமை என்பது வாரக்கூலி வாங்கிக் குடிக்கின்ற நாள், அவ்வளவுதான். இதுவும் பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தேறிவிடும். ஆனாலும் டாக்டர் பார்க்கவேண்டும்.

இனி அமுக்குப் பேய். இது மரப்பே அல்ல. ஆனாலும் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளுகின்றார்கள். விழிப்பு வந்திருக்கும், கண் தெரியும், கையைக் காலை அசைக்க முடியாது, மார்பின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும், கத்தினால் சத்தம் வராது. கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடினால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி மூளை கைகால் தசைகளை நிறுத்திவைக்கின்றது. சில வேளைகளில் அறிவு முதலில் விழித்துக்கொண்டு தசைகள் பின்தங்கிவிடுகின்றன. சில விநாடிகளோ சில நிமிஷங்களோதான். தூக்கம் கெட்டவர்களுக்கும், இராத்திரி ஷிப்டு பார்ப்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம். ஜப்பானில் இதற்குக் கனாசிபாரி என்று பேர். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் கிழட்டுச் சூனியக்காரி வந்து அமுக்குகின்றாள் என்பார்கள். நம் ஊரில் முனி. ஒரே தூக்கக் கோளாறு, ஊருக்கு ஊர் வேஷ்டியை மாற்றிக் கட்டிக்கொள்ளுகின்றது; வேறென்ன?

புளியமரத்தடியில் படுத்தால் இது வருகின்றது என்பதற்கு, மரம் இராத்திரியில் கரியமிலவாயு விடுகின்றது, அதுதான் பேய் என்று நம்மவர்களிலேயே சிலர் மேடையில் விளக்கம் சொல்லுகின்றார்கள். அதுவும் சரியல்ல. திறந்த வெளியில் ஒரு மரம் விடுகின்ற அந்தச் சொற்ப வாயு யாரையும் அமுக்காது. ஒரு அறையில் கூடப்படுத்திருக்கும் மனிதர்கள் விடுகின்ற மூச்சைவிட அது பயங்கரமானதல்ல. பேயை விரட்டுவதற்குப் பொய்யான சயன்ஸைக் கூப்பிடவேண்டியதில்லை.

இவைகளெல்லாம் போகின்ற மரப்பு. இனிப் போகாத மரப்பைப் பார்ப்போம். அதற்கு நம் ஜில்லாவை விட்டு வேலூருக்குப் போகவேண்டும்.

1946-ல் பால் பிராண்டு என்ற ஒரு டாக்டர் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், பாதிரியார் குடும்பம். அவர் தொழுநோய்க்காரர்களின் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிர்ந்துபோகும் என்றுதான் அந்தக் காலத்தில் பாமரர் மட்டுமல்ல, படித்த வைத்தியர்களே நம்பியிருந்தார்கள். கர்மபலன் என்று சொல்லுவதற்கு இதைவிட வசதியான வியாதி ஏது? ஆனால் பிராண்டு பார்த்தார்: சதை நல்ல சதைதான், தைத்தால் ஆறுகின்றது. பின் ஏன் விரல் போகின்றது? ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரத்தைப் பிடித்தது ஒன்று. பூட்டில் சாவியை அழுத்தித் திருகினது ஒன்று. ஆணி ஏறின செருப்போடு நடந்தது ஒன்று. நோய்க்கிருமி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை எடுத்துவிட்டது. வலி இல்லாததனால் மனிதன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

அதிலும் ஒரு மர்மம் மிஞ்சியிருந்தது. சிலருக்கு இராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை! தூக்கத்திலேயே காணாமல் போய்விட்டது. நம் ஊராயிருந்தால் இந்நேரம் ஒரு கோவிலே கட்டியிருப்பார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்றால், இராத்திரி ஒருவரை விழித்திருந்து பார்க்கச் சொன்னார்கள். எலி வந்தது. கட்டிலில் ஏறி, மோந்து பார்த்து, அசையாத விரலைக் கடித்துத் தின்றது. தூங்குகின்றவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதன்பிறகு அங்கிருந்து வீட்டுக்குப் போகின்ற நோயாளி ஒரு பூனையோடுதான் போகவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்களாம். பிராண்டு மதப்பற்றுள்ளவர், ஜெபமும் செய்திருப்பார். ஆனால் விரலைக் காப்பாற்றினது ஜெபமா, இராத்திரி கண்விழித்துப் பார்த்ததும் பூனையுமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். எத்தனை தலைமுறையாக 'பாவத்தின் சம்பளம்' என்று சொல்லிவந்த ஒரு காரியத்தை ஒரு எலி செய்துகொண்டிருந்தது என்பது நமக்கு வெட்கமாயில்லையா?

தொழுநோய்க் கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்தை 1981-ல் உலக சுகாதார நிறுவனம் சிபார்சு செய்தது. சாதாரணமாக ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் மருந்து. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். தொழுநோய் வந்ததைக் காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்திலிருந்த அநியாயம்கூட 2019-ல்தான் எடுக்கப்பட்டது. தோலில் நிறம் வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல் இருந்து, அந்த இடத்தில் பஞ்சால் தொட்டால் தெரியவில்லையென்றால், அரிக்கவில்லை வலிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். அரிக்காததும் வலிக்காததும்தான் அடையாளம். சீக்கிரம் மருந்து சாப்பிட்டால் விரல் மடங்காது. மருந்து தொடங்கினபின் வெகு சீக்கிரத்தில் பிறருக்கு ஒட்டுவதும் நின்றுவிடும். மறைத்து வைத்துத் திருநீறு பூசுகின்றவனுடைய கை மடங்கியே தீரும்.

இன்றைக்கு நம் கரிசல் ஊர்களில் இதே எலி வேலையை அதைவிடப் பரவலாகச் செய்துவருவது நீரிழிவு, அதாவது சர்க்கரை வியாதி. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் இந்த வியாதி இருக்கின்றது. பணக்காரன் வியாதி என்ற பேச்சு பழங்கதை. முதலில் இரண்டு உள்ளங்காலும் இராத்திரியில் எரியும். கம்பளிக் காலுறை போட்டதுபோல் மதமதக்கும். இது கையிலல்ல, கால் விரல் நுனியில் தொடங்கி மெள்ள மெள்ள மேலேறும். புரண்டு படுத்தாலும் போகாது. கொஞ்சநாள் கழித்து எரிச்சல் நின்றுவிடும். "சாமி புண்ணியத்தில் சரியாய்ப்போயிற்று" என்று நேர்த்திக்கடன் செலுத்துகின்றவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகின்றார்கள். எரிச்சல் நின்றது குணமானதனால் அல்ல; சில பேருக்கு நரம்பு செத்துப்போனதனால். அப்புறம் காட்டில் சீமைக்கருவேல முள் ஏறினாலும் தெரியாது. சித்திரை வெயிலில் தார்ரோட்டில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் கண்டாலும் தெரியாது. அக்கினிச்சட்டியும் பூக்குழியும் இறங்கி, "பார், எனக்குச் சுடவில்லை" என்று பெருமை பேசுகின்ற நீரிழிவுக்காரர் ஒருவரை நாம் அறிவோம். சுடாதது பக்தியினால் அல்ல. அவர் பிறகு இரண்டு விரலை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தார்.

மரத்த காலுக்குச் செங்கல் ஒத்தடமும் வறுத்த மணல் ஒத்தடமும் கொடுக்கின்ற பாட்டிமார்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். ஆத்தா, உங்கள் அன்பு நல்லது. ஆனால் சூடு தெரியாத காலில் வெந்த புண் ஆறாது. தீயும் வேண்டாம், வெந்நீரும் முழங்கையால் தொட்டுப்பார்க்காமல் வேண்டாம்.

சாப்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஜாவாவில் ஐக்மன் என்ற டாக்டர் 1890-களில் கோழிகளைக்கொண்டு பார்த்தார். தீட்டின வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்தது. தவிடு கொடுத்தால் எழுந்தன. மலாயாவில் வெள்ளைப் பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் பெரிபெரி என்னும் கால் மரத்து வீங்கும் வியாதியில் மாண்டபோது, பக்கத்திலேயே வேலை செய்த தமிழ்க் கூலியாட்களுக்கு அது அபூர்வமாகவே வந்தது. பிராடன் என்ற வைத்தியர் 1907-ல் இதை எடுத்துக்காட்டி எழுதினார். தமிழர் தின்றது புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. நம் பாட்டன் பாட்டி கம்பும் சோளமும் தின்ற மண்ணில், இன்று வெள்ளைவெளேரென்ற அரிசிதான் கௌரவம் என்று ஆகிவிட்டது. கௌரவம் நரம்புக்குத் தெரியாது. அதேபோல் பி-12 என்ற சத்து மாமிசம், மீன், முட்டை, பால் இவைகளில்தான் உண்டு. விரதம், சைவம் என்று இவற்றையெல்லாம் ஒதுக்கினவர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகின்றவர்களுக்கும், ஓயாமல் குடிக்கின்றவர்களுக்கும் இந்தச் சத்துக்கள் குறைந்து கால் மரக்கக்கூடும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

கோடாங்கியை விட்டு வெளியே வந்தவர்கள் நேராக மருந்துக்கடைக்குப் போய், "நரம்புக்கு ஒரு ஊசி போடுங்க" என்று நிற்பதையும் பார்க்கின்றோம். காரணம் கேளாமல் ஊசி போடுகின்றவருக்கும் உடுக்கை அடிக்கின்றவருக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. அந்த 'நரம்பு மாத்திரை'களில் சேரும் பி-6 என்ற சத்தை அளவுக்குமேல் நெடுநாள் தின்றால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. தூங்கி எழும்போதோ விழித்திருக்கும்போதோ திடீரென்று ஒரு பக்கத்துக் கையும் காலும் மரத்தோ விழுந்தோ போய், வாய் ஒருபுறம் கோணி, பேச்சுக் குழறினால், அது மூளையில் இரத்தம் அடைத்தோ கசிந்தோ வருகின்ற வாதம். அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆனால் சாதாரணமாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். கடைசியாக எப்போது நன்றாயிருந்தார் என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். வேப்பிலை அடிக்கும் நேரத்தில் இந்த நாலரை மணியும் ஓடிவிடுகின்றது. எத்தனையோ குடும்பங்களில் ஓடியும்விட்டது. இரண்டு காலும் மரத்துச் சிறுநீரும் மலமும் அடக்க முடியாமல் போனாலும், முதுகெலும்பில் அடிபட்டபின் மரத்தாலும் இதே அவசரம்தான்.

மற்றப்படி அவசரமில்லாதவர்கள் இன்று இராத்திரியே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். கை மரத்து விழித்தால் திருநீற்றைத் தேடாதீர்கள். எந்த விரல், எந்தப் பக்கம், உதறினால் எத்தனை நிமிஷத்தில் போகின்றது என்று பார்த்து, காலையில் ஒரு தாளில் குறித்துவையுங்கள். படுக்கும்முன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். ஒரு வாரத்துக்குமேல் தொடர்ந்தாலும், காலில் தொடங்கினாலும், தொட்டால் தெரியாத தேமல் இருந்தாலும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கின்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து நடந்துவருகின்றது. அந்தப் பெண்மணிகள் வாசலுக்கு வரும்போது, "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல தாயி" என்று திருப்பி அனுப்பாமல் விரலை நீட்டுங்கள்.